அன்னத்துக்கு விழுந்த புள்ளடி

2010 ஜனவரி 26. இலங்கையில் போர் முடிந்து எட்டு மாதம். வன்னியில், மாங்குளத்துச் சனத்தில் பலர் இன்னும் ஊர் திரும்பியிருக்கவில்லை. செட்டிகுளம் முகாம்களில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்தவர்கள், வவுனியாவில் உறவினர் வீடுகளில் ஒதுங்கியவர்கள், இடம்பெயர்ந்து ஓடிய வழியில் அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள் என்று வன்னி வாக்காளர் சிதறிக் கிடந்தார்கள். அந்த நிலையில் அவர்கள் முன் ஜனாதிபதித் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு நீட்டப்பட்டது. சீட்டில் 22 பெயர்கள். கணக்கில் எடுக்கக்கூடியவை இரண்டே இரண்டு. வெற்றிலைச் சின்னத்தில், போரை நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ. அன்னச் சின்னத்தில், அதே போரைக் களத்தில் நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா.

2008 நவம்பர் 17 அன்று மாங்குளம் சந்தி இராணுவத்தின் கைக்கு வந்தபோது அந்த இராணுவத்துக்குத் தளபதி பொன்சேகாதான். செல்லடிக்குத் தப்பி ஒட்டுசுட்டான் பக்கமும் பிறகு புதுக்குடியிருப்புப் பக்கமும் ஓடியவர்களுக்கு அவருடைய பெயரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

வன்னித் தேர்தல் மாவட்டத்தில் அன்று வாக்களித்தவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர்தான். அவர்களில் 66.86 வீதமானோர் அன்னத்துக்குப் புள்ளடி போட்டார்கள். 70,367 வாக்குகள். வெற்றிலைக்கு 28,740.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள். தங்கள் ஊரைப் பிடித்த தளபதிக்கே வாக்களிக்கிறார்களே, மறந்துவிட்டார்களா, மன்னித்துவிட்டார்களா? இரண்டும் இல்லை. ராஜபக்ஷ வேண்டாம் என்று சொல்வதற்குச் சீட்டில் ஒரு கட்டம் இல்லை. ஆகவே அந்த 'வேண்டாம்' அன்னத்துக்கு நேரே போய் விழுந்தது. பொன்சேகா அந்த இடத்தில் நின்றார், அவ்வளவுதான்.

அரசியல் உளவியலில் இதற்கு 'எதிர்மறைக் கட்சிச்சார்பு' என்று பெயர். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் ஏப்ரமோவிட்ஸும் ஸ்டீவன் வெப்ஸ்டரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பரவலாகப் பேச வைத்தது. வாக்காளருக்குத் தன் கட்சியின் மேல் பிரியம் கூடவில்லை, மற்றக் கட்சியின் மேல் வெறுப்புத்தான் வருடத்துக்கு வருடம் கூடுகிறது, வாக்கை இழுத்துச் செல்வதும் அந்த வெறுப்புத்தான் என்றார்கள் அவர்கள். அதற்கு முன்பே, 2012இல், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சாந்தோ ஐயங்காரும் சகாக்களும் ஒரு பழைய கேள்வியைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். உங்கள் பிள்ளை மற்றக் கட்சிக்காரர் வீட்டில் கலியாணம் செய்தால் உங்களுக்கு மனவருத்தமா? 1960இல் குடியரசுக் கட்சிக்காரர்களில் 5 வீதமும் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 4 வீதமும் 'ஓம்' என்றார்கள். 2010இல் அது 49 வீதமும் 33 வீதமும் ஆகிவிட்டது. (வன்னியில் சம்பந்தம் பேசும்போது கேட்கிற கேள்விகள் வேறு. கட்சி இன்னும் அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. அது ஒரு ஆறுதல்.)

வெறுப்பு வாக்கு அமெரிக்கரின் தனிச்சொத்தும் அல்ல. பிரான்சில் 2002 ஏப்ரலில் நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முதற் சுற்றில் ஜாக் சிராக்குக்குக் கிடைத்தது 19.88 வீதம். இரண்டாம் சுற்றில் அவருக்கு எதிரே தீவிர வலதுசாரியான ஜோன் மரி லு பென் வந்து நின்றதும், வாழ்நாள் முழுக்கச் சிராக்கைத் திட்டிய இடதுசாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் அவருக்கே வாக்களித்தார்கள். உடுப்புக் காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போவோம் என்று சிலர் அறிவித்தது அப்போது செய்தியாயிற்று. சிராக் பெற்றது 82.21 வீதம். இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழர் கதைகளில் அன்னப்பறவைக்கு ஒரு தனித் திறமை உண்டு. பாலையும் தண்ணீரையும் கலந்து வைத்தால் பாலை மட்டும் பிரித்துக் குடிக்குமாம். வன்னிக்கு வந்த அன்னம் அப்படிப்பட்டதல்ல. அது பத்து வருடத்தில் மூன்று முறை வந்தது, மூன்று முறையும் வேறு வேறு ஆளைச் சுமந்துகொண்டு. 2010இல் பொன்சேகா. 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன. போரின் இறுதி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். 2019 நவம்பரில் சஜித் பிரேமதாச. தான் வென்றால் தேசியப் பாதுகாப்பைப் பொன்சேகாவிடம் ஒப்படைப்பேன் என்று மேடைகளில் சொன்னவர். ஆள் மாறினாலும் சின்னம் மாறவில்லை. எதிரே நின்றவரின் குடும்பப் பெயரும் மாறவில்லை. முதல் இரண்டு முறையும் மகிந்த ராஜபக்ஷ, மூன்றாம் முறை போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளரான அவரது தம்பி கோட்டாபய.

வன்னியில் அன்னத்துக்கு 2010இல் 66.86 வீதம், 2015இல் 78.47 வீதம், 2019இல் 82.12 வீதம். சிராக்கின் எண்ணோடு ஒப்பிட்டால் ஒரு வீதத்தில் பத்தில் ஒன்றுகூட வித்தியாசமில்லை. பாரிஸுக்கும் மாங்குளத்துக்கும் இடையே எத்தனையோ கடல்கள். 'அவர் வந்துவிடக் கூடாது' என்ற நினைப்பு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே கணக்கில் வந்து நின்றது.

2015 தேர்தலுக்குச் சில நாள் முன்பு மகிந்த ராஜபக்ஷ யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்தில் பேசினார். தெரியாத தேவதையை விடத் தெரிந்த பேய் மேல் என்பார்கள், அந்தத் தெரிந்த பேய் நான், ஆகவே எனக்கே போடுங்கள் என்ற கருத்தில் அந்தப் பேச்சு இருந்தது. உளவியல்படி பார்த்தால் கெட்டிக்காரத்தனமான பேச்சு. டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மனிதனுக்குக் கிடைக்கப்போகும் லாபத்தின் இனிப்பை விட, கைவிட்டுப் போகக்கூடிய நட்டத்தின் கசப்புப் பெரிது. ஆகவே தெரியாத புதியவரைக் கண்டால் சனம் பின்வாங்கும், இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால்தானே. வன்னிக்கு அந்தப் பேயைத் தெரிந்ததுதான் பிரச்சினையே.

ஒரு கூட்டத்தார் மற்றக் கூட்டத்தாரை ஏன் இப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்களில் ஹென்றி தஜ்ஃபெலை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனியரிடம் பிடிபட்டார். யூதன் என்பதை அவர் மறைக்கவில்லை. போலந்துக்காரன் என்பதை மட்டும் மறைத்தார். பிரெஞ்சு யூதன் என்று பதிந்தபடியால் உயிர் தப்பினார். திரும்பிப் போய்ப் பார்த்தபோது குடும்பத்தில் ஏறத்தாழ எவரும் மிஞ்சவில்லை. அவருடைய குணம் எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை, எந்தப் பெட்டிக்குள் போட்டுப் பதிந்தார்கள் என்பதுதான் காப்பாற்றியது. முகாமில் பெயர் பதிந்த அனுபவமுள்ள எந்த வன்னிக்காரருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பேராசிரியராக இருந்த தஜ்ஃபெல், 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்து 1970இல் வெளியிட்டார். இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, உனக்கு இது பிடித்தது, நீ இந்தக் குழு. உனக்கு அது பிடித்தது, நீ அந்தக் குழு என்று பிரித்தார். உண்மையில் பிரித்தது குருட்டுவாக்கில். பிறகு இரண்டு குழுவுக்கும் காசு பங்கிடச் சொன்னார். தன் குழுவுக்கு எவ்வளவு கூடக் கிடைக்குமோ அதைப் பையன்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்றுதானே எவரும் நினைப்போம்? பலர் அப்படிச் செய்யவில்லை. தன் குழுவுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவுக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்று பங்கிட்டார்கள். லாபத்தை விட இடைவெளி அவர்களுக்கு முக்கியமாயிற்று. நேற்று வரை ஒரே வகுப்பில் இருந்த பையன்கள்! யாருடையது என்றே தெரியாத படத்துக்காக இவ்வளவு என்றால், முப்பது வருடப் போருக்கு எவ்வளவு?

இப்போது மாங்குளம் ரயில் நிலையத்துக்கு வருவோம்.

1990 நடுப்பகுதியில் யாழ்தேவி ரயில் நின்றது. அதன்பின் தண்டவாளங்கள் பதுங்குகுழிக் கூரைகளாயின, சிலிப்பர் கட்டைகள் காவலரண்களாயின. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலைப் புத்தகத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தார்கள். 2013 செப்டம்பர் 14 அன்று ஓமந்தையிலிருந்து புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி வழியாகக் கிளிநொச்சி வரை பாதை திறக்கப்பட்டது. ஜனாதிபதி ராஜபக்ஷவே திறந்து வைத்தார். சரியாக ஏழாவது நாள், செப்டம்பர் 21, வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல். 23 வருடங்களாகக் கேட்காத ரயில் கூவல் காதில் விழுந்து ஒரே கிழமையில் சனம் வாக்குச்சாவடிக்குப் போகிறது. ஆளும் கட்சிக்காரர் கணக்குப் போட்டதில் குற்றம் சொல்ல முடியாது.

சனம் ரயிலில் ஏறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சும்மா ஒருதரம் கிளிநொச்சி வரை போய் வந்தது. பிறகு வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டது. முல்லைத்தீவு மாவட்டத்தின் 5 ஆசனங்களில் 4 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. மாகாணம் முழுவதும் 38இல் 30 ஆசனம், 78 வீதத்துக்கு மேல் வாக்கு.

நன்றி கெட்ட சனம் என்று தெற்கில் சிலர் சினந்தார்கள். உளவியலாளரைக் கேட்டிருந்தால் இதில் வியப்பில்லை என்றிருப்பார். தோமஸ் பெட்டிக்ரூ 1979இலேயே இதை விளக்கியிருக்கிறார். பிடிக்காத கூட்டத்தார் ஒரு கெடுதல் செய்தால், அது அவர்களின் குணம் என்போம். நல்லது செய்தால், ஏதோ காரணத்துக்காகச் செய்கிறார்கள் என்போம். ஷெல் அடித்தது அவர்கள் குணம்; ரயில் விட்டது தேர்தலுக்காக. இரண்டாவது கூற்று, ஏழு நாள் இடைவெளியைப் பார்த்தால், முழுப் பொய்யும் இல்லை.

இதைவிடச் சுவையான சோதனை ஒன்று லீ ரொஸ் என்பவரும் சகாவும் 1986இல் அமெரிக்காவில் செய்தது. அணு ஆயுதங்களைக் குறைப்பது பற்றி ஒரு யோசனையை வீதியில் போனவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். இது ஜனாதிபதி ரேகனின் யோசனை என்று சொன்னபோது 90 வீதமானோர் நல்லது என்றார்கள். பெயர் தெரியாத ஆய்வாளர்களின் யோசனை என்றபோது 80 வீதம். சோவியத் தலைவர் கொர்பச்சேவின் யோசனை என்றபோது 44 வீதம். எழுத்துக்கு எழுத்து ஒரே தாள். தந்த கை மட்டும் வேறு.

ஆனாலும் இந்த ஆய்வுகளை அப்படியே வன்னியின் தலையில் கவிழ்ப்பது நியாயமில்லை. ஓவியம் பார்த்த பிரிஸ்டல் பையனின் சார்பு ஒரு மயக்கம். மாங்குளத்தில் வாக்களிக்கிறவரின் சார்பில் பெரும்பங்கு நேரில் பட்டதன் ஞாபகம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்துக்கு அமர்ந்தார்கள். மடியில் சட்டம் போட்ட படத்தோடு அமர்ந்திருக்கும் ஒரு தாயிடம் எந்த வேட்பாளர் வந்து எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ர பிள்ளை எங்கை?" இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் யார், சொல்லாமல் இருந்தவர் யார் என்று அந்தத் தாய் வேட்பாளர்களை அளப்பதைச் 'சார்பு' என்று பாடப்புத்தகச் சொல்லால் குறிப்பது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. போரின் ஞாபகம் ஒரு தரவும்தான்.

ஞாபகம் பிழைவிடாது என்றும் சொல்ல வரவில்லை. 2005 நவம்பர் 17 தேர்தல் அதற்குச் சாட்சி. அன்று மகிந்த ராஜபக்ஷவுக்கு எதிரே நின்றவர் ரணில் விக்கிரமசிங்க, 2002 போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டவர். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாக்களிப்புப் புறக்கணிக்கப்பட்டது. புறக்கணிக்க வைக்கப்பட்டது என்பதே சரி. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். மாங்குளத்துச் சனம் வாக்களிப்பதென்றால் கட்டுப்பாட்டுப் பகுதியைத் தாண்டி வரவேண்டும். வரவில்லை, வரவிடவும் இல்லை. அந்த நாட்களில் ஊரில் புழங்கிய வாசகம், "ரெண்டுபேரும் ஒண்டுதான்." ஒருவர் வெளிப்படையாக அடிப்பார், மற்றவர் நரி, சிரித்துக்கொண்டே உடைப்பார்.

தூரத்தில் நிற்கிற மாட்டுப் பட்டியைப் பார்த்தால் எல்லா மாடும் ஒரே மாடாகத்தான் தெரியும். மற்றக் கூட்டத்தாரை மனிதர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள், 'அவங்கள் எல்லாரும் ஒரே மாதிரி' என்று முடிவுகட்டுகிறார்கள் என்பதை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டின் மாணவரை வைத்து 1980இலேயே காட்டியிருக்கிறார்கள். 2005இல் ராஜபக்ஷ வென்றது 180,786 வாக்கு வித்தியாசத்தில். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் பதியப்பட்டிருந்த வாக்காளர் ஏழு இலட்சம். இருவரும் ஒன்றா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சரியாக மூன்று வருடம் கழித்து, அதே நவம்பர் 17ஆம் திகதி, மாங்குளம் சந்திக்கு வந்தது.

அதற்கு முன் ஒருதரம் வடக்கு அன்பாலும் ஒரு வேட்பாளரைக் கொண்டாடியிருக்கிறது. 1994இல் சமாதானம் பேசி வந்த சந்திரிகா குமாரதுங்க. அவர் பெயரில் 'சந்திரிகா காப்பு' என்று யாழ்ப்பாணக் கடைகளில் வளையல் விற்றதைப் பழையவர்கள் இன்றும் சொல்வார்கள். 1995 ஏப்ரலில் மறுபடி போர் வெடித்தது. தெற்கிலிருந்து வருகிற வேட்பாளரை நம்பி வாக்களிக்கும் பழக்கம் அந்தக் காப்போடு உடைந்தது என்று சொன்னால் மிகையாகாது. அதன்பின் வடக்கில் மிஞ்சியது ஒதுக்குகிற வாக்கு.

ஏ9 வீதியால் வடக்கே போகிற எந்த வாகனமும் மாங்குளம் தாண்டி முறிகண்டியில் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் புறப்படும். தேர்தல் காலத்தில் வேட்பாளர்களின் பஜிரோக்களும் நிற்கும். வெற்றிலைக்காரர் உடைப்பார், வீட்டுக்காரர் உடைப்பார், யானைக்காரர் உடைப்பார். பிள்ளையார் எல்லாரிடமும் தேங்காய் வாங்குவார். யாருக்கு வரம் என்று வாய் திறக்க மாட்டார்.

வன்னி வாக்காளர் பிள்ளையாரிடம் படித்திருக்கிறார்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் படலையில் நின்று, "அக்கா, இந்தமுறை எங்களுக்குத்தான், என்ன?" என்பார். "ஓம் தம்பி, உங்களுக்குத்தான். வெயிலுக்க நிக்காமல் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ." ஒரு மணி நேரத்தில் மற்றக் கட்சிக்காரர் வருவார். அதே ஓம், அதே தேத்தண்ணி. இரண்டு கட்சியின் நோட்டீசும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல் கட்டில் கிடக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் பிள்ளைகள் படம் கீறும்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பதைத் துருக்கியப் பின்னணி கொண்ட பொருளியலாளர் திமூர் குரான் 1995இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். உண்மையைச் சொன்னால் கொடுக்க வேண்டிய விலை கூடும்போது, சனம் விருப்பத்தைத் திரித்துச் சொல்லும். வன்னியில் அந்த விலை சாதாரணமாக இருக்கவில்லை. போர்நிறுத்த வருடங்களில்கூட ஏ9இல் இரண்டு தரப்பின் சோதனைச்சாவடியையும் தாண்ட வேண்டும். எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய், யாரைத் தெரியும் என்று இருபக்கமும் கேட்ட காலம் அது. கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் கலையை ஒரு தலைமுறை முழுவதும் கற்றது அப்போதுதான். 'ஓம்' என்பது அங்கே வாக்குறுதி இல்லை, வாசலில் வந்தவரை மரியாதையாக அனுப்பி வைக்கிற சொல். இதைக் கணக்கில் எடுக்காமல் கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணி வெற்றியை எதிர்பார்த்த வேட்பாளர்கள் எல்லா நிறத்திலும் உண்டு.

2022 வந்தது. மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் நாடு முழுக்க வரிசை. மாங்குளத்தாருக்கு வரிசை புதிதில்லை, கொழும்பாருக்குத்தான் புதிது. ஜூலையில் தெற்குச் சனமே கோட்டாபயவைத் துரத்தியது. 2019 நவம்பர் 18 அன்று அனுராதபுரத்தில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்கால்தான் வென்றேன் என்று சொன்ன அதே மனிதர், அதே மக்களுக்குத் தப்பி நாட்டைவிட்டுப் போனார். வன்னியில் பலர் கைதட்டவில்லை. "இப்பதான் தெரியுதோ" என்பதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு பெரிய விஷயம் அந்த நாட்களில் சத்தமில்லாமல் நடந்தது. பன்னிரண்டு வருடமாக வன்னியின் வாக்கைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்த கயிறு அறுந்தது.

கயிறு என்று சொல்வது ராஜபக்ஷ மேல் இருந்த பயத்தை. 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் மகிந்தவின் மகன் நாமல் ராஜபக்ஷ நாடு முழுவதற்குமாகப் பெற்றதே 2.57 வீதம். வெறுக்க ஆள் இல்லை. அன்னமும் இல்லை, சஜித் இந்த முறை ரெலிபோனில் வந்தார். மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடைகளில் கேள்வி, "சங்குக்கோ ரெலிபோனுக்கோ அண்ணை?" என்று மாறியது. "ஆருக்குப் போட்டாலும் வெல்லுறது திசைகாட்டிதான்" என்று இளசுகள் இடையில் புகுந்தார்கள். 2019இல் 82 வீதமாக ஒரே இடத்தில் குவிந்த வன்னி வாக்கு நாலாகச் சிதறியது. சஜித்துக்கு 95,422. சிலிண்டர் சின்னத்தில் ரணிலுக்கு 52,573. சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு 36,377. திசைகாட்டிச் சின்னத்தில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 21,412.

எதிரி தூரப் போனால் மனிதன் சும்மா இருப்பதில்லை, பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கத் தொடங்குகிறான். அரியநேத்திரன் தமிழரசுக் கட்சிக்காரர். தமிழரசுக் கட்சி ஆதரித்ததோ சஜித்தை. அந்த ஒரு மாதம் தமிழ்க் கட்சிக்காரர் ஒருவரை ஒருவர் திட்டிய திட்டில் காற்பங்கைக்கூடத் தெற்கு வேட்பாளர் எவரும் வாங்கவில்லை. அண்டை அயலாரின் சின்ன வேறுபாடுதான் மனிதனைக் கூடக் கோபப்படுத்துகிறது என்று சிக்மண்ட் பிராய்ட் நூறு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார். பாராளுமன்றத் தேர்தலில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு, அதே பட்டியலில் மூன்று பேரின் இலக்கங்களைத் தெரிவு செய்யலாம். ஆகவே ஒரே மேடையில் தோளில் கைபோட்டு நிற்கிறவர்கள், மேடையை விட்டு இறங்கியதும் ஒருவருக்கொருவர் போட்டி வேட்பாளர்கள். அந்த வாக்குக்குப் பெயர் 'விருப்பு வாக்கு'. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் வன்னியின் 6 ஆசனத்துக்கு 423 பேர் போட்டியிட்டார்கள். வீட்டுச் சின்னம் வன்னியில் 2015இல் பெற்றது 89,886 வாக்கு. 2020இல் 69,916. கூட்டமைப்பு உடைந்து தமிழரசு தனியே நின்ற 2024இல் 29,711. உடைந்து போனவர்களின் சங்குக்கு 21,102. முதலாவதாக வந்தது, 39,894 வாக்குகளோடும் இரண்டு ஆசனத்தோடும், தேசிய மக்கள் சக்தி. செப்டம்பரில் 21,412 வாக்குத்தான் கிடைத்த அதே திசைகாட்டி, எட்டுக் கிழமைக்குள் ஏறத்தாழ இரண்டு மடங்கு!

இத்தனைக்கும் அதன் தாய்க்கட்சி ஜே.வி.பி. தமிழருக்குப் புதிய பெயரில்லை. வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி அந்தக் கட்சிக்காரர் தொடுத்த வழக்கில்தான் 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாதென்றது. பிறகு எப்படி? தமிழ்க் கட்சிகள் மேல் வந்த சலிப்பு ஒரு காரணம். கிறிஸ்டின் லோரின் என்ற கனடிய உளவியலாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. டொனால்ட் ட்ரம்ப் பதவியேற்பதற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் அவரைப் பிடிக்காதவர்களிடம் பேசிப் பார்த்தார். பதவியேற்பு ஒன்றைத் தவிர இடையில் எதுவும் மாறவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு பலரின் கருத்துக் கொஞ்சம் இளகியிருந்தது. வரப்போகிறவர் என்னும்போது பயம். வந்துவிட்டார், இனி இவரோடுதான் காலம் தள்ள வேண்டும் என்றானதும் மனம் அவரிடம் ஏதாவது நல்லது தேடுகிறது. வன்னியின் இரண்டு மாதம் இந்த ஆய்வுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. அந்த இளக்கமும் நிரந்தரமில்லை. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பெரும்பாலான சபைகளில் வீட்டுச் சின்னம் திரும்பவும் முன்னுக்கு வந்தது.

கடைசியாக, வாக்குச்சீட்டுப் பற்றி ஒரு விஷயம். ஜனாதிபதித் தேர்தலில் புள்ளடிக்குப் பதில் 1, 2, 3 என்று எழுதலாம். நமக்குப் பிடித்தவர் தோற்றால் மற்றவர்களுக்குள் யார் பரவாயில்லை என்று சொல்ல அந்த 2உம் 3உம். எதிரணியினரை ஒரே மாட்டுப் பட்டியாகப் பார்க்காமல் ஒவ்வொருவராகப் பார்க்கிறவருக்குத்தான் அந்த எண்களை எழுத வரும். 2024இல் எவரும் பாதியைத் தாண்டாதபடியால் இலங்கை வரலாற்றில் முதல் முறையாக அந்த இலக்கங்களை எண்ண வேண்டி வந்தது. முதலிரு இடங்களுக்கு வெளியே விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் அநுரவுக்கோ சஜித்துக்கோ விருப்பத்தெரிவு எழுதியிருந்தவை 273,131. அதாவது பன்னிரண்டு பேருக்கு ஒருவர்.